வடசென்னையில் கல்யாண பிளானர் பிடிப்பது: முதல் போனிலிருந்து கடைசிக் கணக்கு வரை

2016-ல் என் அக்கா கல்யாணத்துக்கு பிளானர் என்று யாரும் கிடையாது. சித்தப்பா இருந்தார். மடித்துக் கட்டிய வேட்டி, இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவி, சட்டைப் பையில் ஒரு நீல டைரி. எந்த பல்ப் எரியவில்லை, மேளக்காரர்களுக்கு காபி போனதா, மாப்பிள்ளை வீட்டு ரூமில் சுடுதண்ணீர் வருகிறதா, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். தாலி கட்டும்போது அவர் மேடையில் இல்லை. பின்கட்டில் எண்ணெய் டின்னை எண்ணிக்கொண்டிருந்தார். ஆல்பத்தில் தேடினால் ஒரே ஒரு போட்டோவில் இருக்கிறார், அதுவும் முதுகுதான் தெரியும்.

2022-ல் தங்கைக்கு நிச்சயமானபோது சித்தப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போயிருந்தது. எங்கள் தலைமுறையில் அந்த இடத்துக்கு ஆள் இல்லை. எல்லோருக்கும் ஆபீஸ், ஷிப்ட், மிஞ்சினால் இரண்டு நாள் லீவு. சரி, காசு கொடுத்தாவது ஒரு சித்தப்பாவைப் பிடிப்போம் என்று கிளம்பினோம். பிளானர் பிடிப்பதை நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலரை மணிக்கு மண்டபத்தில் பொறுப்பாக நிற்கப்போவது யார்? அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்கத்தான் கீழே உள்ள அத்தனை வேலையும்.

1. உங்களுக்குப் பிளானர் தேவையா?

எல்லா வீட்டுக்கும் தேவையில்லை. திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில் 200 பேருக்குச் சாப்பாடு என்றால் நல்ல சமையல் கான்ட்ராக்டரும் ஒரு போட்டோகிராபரும் போதும். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம், வெளியூர் உறவினர்களுக்கு ரூம், மேக்கப், பேண்டு வாத்தியம், கேண்டிட் போட்டோ என்று பத்துப் பன்னிரண்டு பார்ட்டிகள் சேரும்போதுதான் நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் பிளானர் என்ற பேரில் நாலு வகை ஆட்கள் வருவார்கள். ஒருவர் மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசி எடுக்கும் கல்யாண கான்ட்ராக்டர். இன்னொருவர் நேற்றுவரை டெக்கரேஷன் மட்டும் செய்துகொண்டிருந்து, கார்டில் மட்டும் பேரை மாற்றியவர். மூன்றாவது வகை தேதி குறித்ததிலிருந்து கணக்கு முடிக்கும் வரை கூடவே இருக்கும் முழுநேர பிளானர். நான்காவது, ஏற்பாடெல்லாம் நீங்கள் செய்துகொள்ள, அந்த ஒன்றரை நாள் மட்டும் மண்டபத்தில் நின்று நடத்திக் கொடுப்பவர். நான்காவது வகையை நம் ஊரில் பலருக்குத் தெரிவதே இல்லை. செலவும் குறைவு. வீட்டில் ஓடியாட ஆள் இருந்து, அன்றைக்கு மட்டும் நிம்மதியாக உட்கார ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

2. போன் எடுப்பதற்கு முன் ஒரு தாள்

பிளானர் கேட்கும் முதல் கேள்வி "பட்ஜெட் எவ்ளோ சார்?" என்பதுதான். யோசிக்காமல் ஒரு தொகையைச் சொல்லிவிட்டால், கொட்டேஷன் சரியாக அந்தத் தொகைக்கே வந்து நிற்கும். அதனால் முதலில் ஒரு தாளில் நீங்களே எழுதுங்கள்: எந்த விசேஷம் நம் செலவு, எது மாப்பிள்ளை வீட்டுச் செலவு, எது பாதிப் பாதி. ரிசப்ஷன் யார் செலவு என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். இரண்டு வீடும் பேசி முடிக்காமல் பிளானரை நடுவில் உட்கார வைத்தால் அவர் பாவம், நமக்கும் சங்கடம்.

தலைக்கணக்கில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 400 பத்திரிகை அடித்தால் 400 பேர் அல்ல. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி மாதிரி இடங்களில் தெருவில் பாதிப் பேருக்குப் பத்திரிகையே வேண்டாம், "வந்துடுங்க" என்றால் போதும், குடும்பத்தோடு வருவார்கள். அதுவும் ராத்திரிப் பந்திக்கு. காலை முகூர்த்தத்துக்குக் கூட்டம் வேறு. எங்கள் வீட்டில் ராத்திரிக்கு 700, காலை டிபனுக்கு 250, மதியச் சாப்பாட்டுக்கு 300 என்று மூன்றாகப் பிரித்து எழுதினோம். மொத்தமாக "ஆயிரம் பேர்" என்று சொல்லியிருந்தால் ஒவ்வொரு வேளைக்கும் அதை வைத்தே விலை போட்டிருப்பார்கள்.

அப்புறம், வீட்டிலிருந்து பேசப்போவது ஒரே ஆள், ஒரே நம்பர். அம்மா ஒரு பக்கம் ரோஸ் கலர் என்றும், அத்தை இன்னொரு பக்கம் மெரூன் என்றும் சொன்னால் பிளானர் தனக்கு எது மலிவோ அதைச் செய்துவிட்டு, "அம்மாதான் சொன்னாங்க" என்பார்.

3. மண்டபம் முந்தியா, பிளானர் முந்தியா?

தேதி முதலில். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும். தை, ஆனி, ஆவணி முகூர்த்த நாள்களில் ஒரே தேதிக்கு ஒரே பிளானர் இரண்டு மூன்று கல்யாணம் எடுப்பார். அதை நீங்கள் கேட்டால் ஒழிய அவராகச் சொல்ல மாட்டார்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பிளானரிடம் ஒரு சுற்றுப் பேசிவிடுவது நல்லது. பல மண்டபங்கள் தங்கள் டெக்கரேஷன்காரர், தங்கள் சமையல் ஆள்களை மட்டும்தான் உள்ளே விடும். வெளியாள் வந்தால் அதற்குத் தனிப் பணம். பிளானரைப் பேசி முடித்த பிறகு இது தெரிந்தால் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வீர்கள். மண்டப மேனேஜரிடம் கேட்க வேண்டியவை: சாவி எத்தனை மணிக்குக் கிடைக்கும், எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும், கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு, கிளீனிங் தனியா. வாடகைக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு, அதைச் சேர்த்துச் சொல்கிறாரா என்றும் கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் கல்யாணம் வைப்பவர்கள் சாப்பாட்டு ஹால் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். கீழ்த்தளத்தில், அதுவும் தெருவைவிடத் தாழ்வாக இருந்தால் வேண்டாம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கத்துத் தெருக்கள் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மழை வந்தால் என்ன ஏற்பாடு என்ற கேள்விக்கு "அதெல்லாம் வராது சார்" என்று பதில் சொல்பவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்.

4. ஆளை எங்கே தேடுவது

மண்டப மேனேஜர் கொடுக்கும் நம்பரில் பெரும்பாலும் அவருக்கு ஒரு பங்கு இருக்கும். அதனால் அந்த ஆள் மோசம் என்று அர்த்தமில்லை, ஆனால் அந்தப் பங்கும் உங்கள் பில்லில்தான் வரும். சொந்தக்காரர்கள் சொல்வது மேடை எப்படி இருந்தது, பாயசம் எப்படி இருந்தது என்ற அளவில் நின்றுவிடும். என் அனுபவத்தில் சரியான தகவல் தருபவர்கள் போட்டோகிராபர்கள். மாதத்துக்குப் பத்துக் கல்யாணம் பார்க்கிறார்கள், விடியற்காலையில் மண்டபத்துக்கு வருகிறார்கள். "அஞ்சு மணிக்கு அவங்க டீம்ல யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டால் கதையே வந்துவிடும்.

இன்ஸ்டாகிராமில் தெரியும் மேடைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். "இது எந்த மண்டபம், எந்தத் தேதி, போன்ல எடுத்த வீடியோ இருக்கா?" என்று கேளுங்கள். அவர்களே செய்த வேலை என்றால் ரெண்டு நிமிடத்தில் காட்டுவார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் நடத்தும் ஒரு கல்யாணத்தை நேரில் போய்ப் பார்ப்பது. அந்த வீட்டாரிடம் பிளானரே சொல்லிவைப்பார். விருந்தாளியாகப் போகாதீர்கள், ரிசப்ஷன் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். நான் பெரம்பூரில் ஒன்றுக்குப் போனேன். 6:30-க்கு ரிசப்ஷன். 5:45-க்கு மேடையில் ஏணி நிற்கிறது, மூங்கில் கூடையில் பூ அப்படியே இருக்கிறது. முதலாளி வாசலில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சரி, இதுவும் தேறாது என்று திரும்பப் பார்த்தேன். அப்போது கறுப்பு டி-ஷர்ட் போட்ட ஒரு பெண். துப்பட்டா இல்லை, இடுப்பில் ஒரு சின்னப் பை. தரையில் ஓடிய ஒயரைக் காலால் தடவிப் பார்த்து, பையிலிருந்து டேப்பை எடுத்து ஒட்டினாள். குத்துவிளக்கின் பக்கம் திரும்பியிருந்த பெடஸ்டல் ஃபேனை இரண்டடி நகர்த்தினாள். ஏணியில் இருந்த பையனிடம், "அண்ணா, இடது பக்கம் விடுங்க, போட்டோல வராது. நடுவுல முடிங்க" என்றாள். 6:25-க்கு ஏணி வெளியே போய்விட்டது. அந்தக் கம்பெனியைப் பேசியதே அவளுக்காகத்தான். எங்கள் ஒப்பந்தத்தில் அவள் பேரையும் எழுதச் சொன்னோம்.

5. முதல் முறை உட்கார்ந்து பேசும்போது

பிளானருக்கு வருமானம் மூன்று வழியில் வரும். ஒரே தொகையாக ஃபீஸ். மொத்தச் செலவில் இத்தனை சதவீதம். அல்லது ஃபீஸே இல்லாமல், கூட்டிவரும் ஒவ்வொருவரிடமும் கமிஷன். சதவீதக் கணக்கில் உங்கள் செலவு கூடினால் அவர் வருமானமும் கூடும், அதை மனதில் வையுங்கள். "எங்களுக்கு ஃபீஸே வேணாம் சார்" என்பவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். கமிஷன் வாங்குவது திருட்டு இல்லை, இந்தத் தொழிலில் அது வழக்கம். ஆனால் வாங்குகிறார் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராகக் கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில்: "டெக்கரேஷன் எங்களுது சார். சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும் மூணு மூணு பேர் சொல்றேன், நீங்களே பேசிக்கோங்க, பில் உங்க பேருக்கே வரும்." இதைவிடத் தெளிவான பதில் வேறு யாரிடமும் கிடைக்கவில்லை.

இன்னொரு சோதனை, ஊர் தெரிகிறதா என்று பார்ப்பது. அக்கா கல்யாணத்தன்று மேக்கப் போடுகிற பெண் கொருக்குப்பேட்டைப் பக்கமிருந்து வர வேண்டும். ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். ஒரு கூட்ஸ் போய், இன்னொன்றும் வருகிறது என்று திறக்கவே இல்லை. ஆனால் அவர் சரியான நேரத்துக்கு வந்துவிட்டார், ஏனென்றால் சித்தப்பா அவரிடம் முகூர்த்த நேரத்தையே அரை மணி முன்னதாகச் சொல்லியிருந்தார். தெற்கே இருந்து வரும் பெரிய கம்பெனிகள் அழகாக வேலை செய்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது மேடை சாமான் ஏற்றிய வண்டி எந்த வழியாக உள்ளே வரும் என்று கேட்டுப் பாருங்கள். ராயபுரத்தின் சின்னத் தெருக்களில் வண்டி நுழையாவிட்டால் சாமானை எங்கே இறக்கி, யார் தூக்குவது, அந்தக் கூலி யாருடையது? பதில் சொல்லத் தெரிந்தவர் இங்கே வேலை பார்த்தவர்.

விருந்தினர்களுக்கு எப்படி வழி சொல்லப்போகிறார் என்பதும் சேர்த்துத்தான். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்ட பிறகு, டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) மண்டபங்களுக்கு கார் பார்க்கிங் பற்றிப் பேசுவதைவிடப் பத்திரிகையில் பக்கத்து மெட்ரோ ஸ்டேஷன் பேரைப் போடுவது உபயோகம்.

6. கொட்டேஷனைப் படிப்பது

இங்கே நிதானமாக உட்காருங்கள். காபி போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தங்கை நிச்சயதார்த்தத்துக்கு வேறொரு டெக்கரேஷன்காரரைப் பேசியிருந்தோம். கொட்டேஷனில் "மல்லி, ரோஜா, முழு மேடை" என்று இருந்தது. மேடையும் முழுசாகத்தான் இருந்தது. அம்மா போய் மல்லிச் சரத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலை மூக்கருகே வைத்தார். "இதுல வாசனை எங்கடா?" அத்தனையும் துணிப்பூ. கேட்டால், "போட்டோல தெரியாதும்மா" என்கிறார். எழுத்தில் "மல்லி, ரோஜா" என்றுதானே இருந்தது, "உதிரிப்பூ, நிஜப்பூ" என்று எங்கே இருந்தது? அன்றிலிருந்து நாங்கள் எதையும் "முழு", "கிராண்ட்", "பிரீமியம்" என்று எழுத விடுவதில்லை. மேடை எத்தனை அடி அகலம், அதில் நிஜப்பூ எந்த இடத்தில், என்ன பூ, செயற்கை எங்கே, எல்இடி வால் எத்தனைக்கு எத்தனை அடி, எத்தனை மணி நேரம் ஓடும், வாசல் வளைவுக்கு விளக்கு எத்தனை சரம். அளவு இல்லாத வரியை வெட்டிவிடுங்கள், அல்லது அளவு போட்டுத் தரச் சொல்லுங்கள்.

முகூர்த்த நாளில் மல்லி விலை எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. கோயம்பேட்டில் கேட்டாலும் பாரிமுனை பத்ரியன் தெருவில் கேட்டாலும் அன்றைய விலைதான். விலை ஏறினால் கூடுதலாகக் கேட்பாரா, பூவை மாற்றுவாரா, யாரைக் கேட்டு மாற்றுவார் என்று முன்பே எழுதி வாங்குங்கள். மேடைப்பூ மாறினால் பரவாயில்லை. மணமாலை மாறக்கூடாது என்று நாங்கள் தனியாகவே எழுதினோம்.

கொட்டேஷனில் இல்லாமல் கடைசியில் முளைக்கும் செலவுகள்: வண்டி வாடகை, ஏற்று-இறக்குக் கூலி, ஆட்களுக்குப் பேட்டா, அவர்கள் சாப்பாடு, இரவு நேரம் தாண்டினால் ஓவர்டைம். "இதெல்லாம் உள்ளே சேர்ந்ததா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடியுங்கள். பிளானர், அலங்காரம் வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 18%, வெளியே வந்து சமைத்துப் பரிமாறும் கேட்டரிங்குக்கு வழக்கமாக 5%. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறிய ஆட்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்ய வேண்டியதில்லை, அவர்கள் வரி கேட்கவும் கூடாது. பதிவு எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள். "பில் இல்லாம போட்டுக்கலாம் சார், மிச்சமாகும்" என்பதற்குத் தலையாட்டினால், நாளைக்குத் தகராறு வரும்போது கையில் ஒரு தாள்கூட இருக்காது.

பாட்டுப் போட லைசென்ஸ் கட்டணம் என்று ஒரு வரி சில கொட்டேஷன்களில் இருக்கும். கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களுக்கும் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசுத் துறை அதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பும் வெளியிட்டது. அந்த வரியை அடித்துவிடலாம்.

சாப்பாட்டில் இரண்டு முறை. சரக்கு நாம் வாங்கிக் கொடுத்து மாஸ்டருக்குக் கூலி பேசுவது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று பேசுவது இன்னொன்று. இப்போது பெரும்பாலும் இலைக் கணக்குதான். அதில் குறைந்தபட்சம் இத்தனை இலை என்று ஓர் எண் இருக்கும். வந்தாலும் வராவிட்டாலும் அதற்குக் காசு கொடுக்க வேண்டும், எனவே அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தே பேசுங்கள். இலையை யார் எண்ணுவது என்பதுதான் அடுத்தது. சித்தப்பா பந்திக்கு முன் கட்டுகளை எண்ணுவார், பந்தி முடிந்ததும் மீதியை எண்ணுவார், நடுவில் பேச்சே இல்லை. நீங்களும் வீட்டு ஆள் ஒருவர், பிளானர் ஆள் ஒருவர் என்று எண்ண வைத்து, வேளைக்கு வேளை கையெழுத்து வாங்குங்கள். கேட்டரருக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ருசி பார்க்க அழைக்கும்போது நாலு பேருக்குச் செய்த சாம்பாரை நம்பாதீர்கள். வேறொரு கல்யாணத்தில் 500 பேருக்கு அவர் வைத்த சாம்பார் எப்படி இருந்தது என்று பாருங்கள். ரிசப்ஷனில் அத்தோ (பர்மாவிலிருந்து வந்த சிற்றுண்டி) ஸ்டால் போட்டால் மற்ற கவுன்டரெல்லாம் காலியாகிவிடும் என்பது வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதற்கு பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ மாஸ்டரையே கேளுங்கள், கேட்டரர் செய்யும் அத்தோ நூடுல்ஸ் மாதிரிதான் இருக்கும்.

டேபிளில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் பூசிய கப், இவையெல்லாம் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. இன்னும் சிலர் கொண்டுவருகிறார்கள். தாம்பூலப் பைக்கு மஞ்சப்பை போட்டுவிடுங்கள்.

பத்திரிகையையும் ஜவுளியையும் பிளானரிடம் விடாதீர்கள். ஆண்டர்சன் தெருவுக்கும் எம்.சி. ரோட்டுக்கும் பக்கத்திலேயே இருந்துகொண்டு அதற்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு?

7. எழுதிக் கொள்வது

வாட்ஸ்அப் பேச்சு ஒப்பந்தம் ஆகாது என்று சொல்லவில்லை, தகராறு என்றால் அதுவும் ஆதாரம்தான். ஆனால் இரண்டு பக்கத் தாளில் கையெழுத்து இருந்தால் தகராறே பாதி குறையும். கொட்டேஷனை அதனோடு இணைத்துவிடுங்கள். மண்டபத்தில் நிற்கப்போகிறவர் பேர், அவர் வர முடியாவிட்டால் மாற்று ஆள் பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, அன்றைக்கு அதே கம்பெனிக்கு வேறு கல்யாணம் உண்டா, இவை கட்டாயம். நம் போட்டோக்களை அவர்கள் பக்கத்தில் போடலாமா என்றும் ஒரு வரி இருக்கட்டும். எங்கள் தங்கை வேண்டாம் என்றாள், எழுதினோம்.

பேசக் கூச்சப்படும் ஒரு விஷயம் இருக்கிறது. வீட்டில் வயதானவர்கள் இருப்பார்கள். தீட்டு வந்து கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும்? புது தேதிக்கு மாற்றிக்கொள்வார்களா, எவ்வளவு பிடிப்பார்கள்? நல்ல காரியம் பேசும்போது இதைக் கேட்காதே என்று அம்மா கையைப் பிடித்தார். நான் "எதிர்பாராத காரணத்தால் தள்ளிவைக்க நேர்ந்தால்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பிளானருக்குப் புரிந்தது.

பணத்தைப் பிரித்துக் கொடுங்கள். நாங்கள் கையெழுத்தின்போது 25%, ஒரு மாதம் முன்னால் 25%, மேடைச் சாமான் மண்டபத்தில் இறங்கியதும் 40%, கணக்கெல்லாம் முடிந்த பிறகு 10% என்று பேசினோம். கடைசிப் பத்துக்கு அவர் முகம் சுளித்தார். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். ஒரே விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்கியவருக்கு. "கேஷா கொடுத்துடுங்க சார்" என்பவருக்கு இதை ஞாபகப்படுத்தலாம்.

8. கடைசி ஒரு மாதம்

நேர அட்டவணையைத் தமிழில், பெரிய எழுத்தில் எடுத்து ஸ்டோர் ரூம் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். ராத்திரி 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. எனவே ரிசப்ஷன் பாட்டுக் கச்சேரியை 9:45-க்கு முடிப்பது மாதிரி போடுங்கள். தெரு நெடுக பேனர் கட்டித் தருகிறேன் என்பாரானால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண்மேல் விழுந்தது ஒரு கல்யாண பேனர்தான்.

உங்கள் வீட்டுச் சடங்குகள் பிளானருக்குத் தெரியாது. அரசாணிக்கால் யார் நடுவது, நலங்குக்கு எத்தனை பேர், தாய்மாமன் சீர் எப்போது உள்ளே வரும், தெலுங்கு வீடு என்றால் சீரகம்-வெல்லம் எந்த நேரம், இவற்றை வீட்டுப் பெரியம்மா ஒருவரை உட்கார வைத்துச் சொல்ல வையுங்கள். சர்ச் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும் ஞாயிறுகள், நிக்காஹ் என்றால் ஜமாத்தோடு பேசிய நேரம், சுயமரியாதைத் திருமணம் என்றால் யார் தலைமை, எத்தனை பேர் பேசுவார்கள் என்று அட்டவணை அதற்கேற்ப மாறும். பேச்சாளர்கள் இருந்தால் சாப்பாட்டை அரை மணி தள்ளியே வையுங்கள்.

9. அன்றைக்கு

மொய் மேஜையும் நகை ரூம் சாவியும் வீட்டு ஆள் கையில். அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றதெல்லாம் பிளானரிடம். சின்னச் சின்னச் செலவுக்கு ஒரு கவரில் கொஞ்சம் ரொக்கம் போட்டு ஒரு தம்பியிடம் கொடுங்கள், செலவை அதன்மேலேயே எழுதட்டும்.

தங்கை கல்யாணத்தில் காலை 4:40-க்கு கரன்ட் போனது. மேக்கப் பாதியில் இருந்தது. நான் மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் ஜெனரேட்டர் ஓடிவிட்டது. ஆனால் மேக்கப் ரூம் மட்டும் இருட்டு, அந்த லைன் ஜெனரேட்டரில் சேரவில்லையாம். அந்த கறுப்பு டி-ஷர்ட் பெண் இடுப்புப் பையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, நேத்து சாயங்காலமே பார்த்துட்டேன், ஹால்லேருந்து இழுத்து வெச்சிருக்கேன்" என்றாள். எங்கள் பணம் எதற்குப் போனது என்று கேட்டால் நான் அந்த ஒயரைத்தான் சொல்வேன்.

10. கணக்கு

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மின் மீட்டரை போட்டோ எடுங்கள், கிளம்பும்போது இன்னொன்று. சுவர், நாற்காலி, கண்ணாடி எப்படி இருந்தன என்றும் சேர்த்தே. இல்லாவிட்டால் யாரோ எப்போதோ உடைத்த வாஷ்பேசினுக்கு உங்கள் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

பத்திரிகையில் நாலைந்து, மண்டப ரசீது, தாலி கட்டும் போட்டோ பிரின்ட், இவற்றை ஒரு கவரில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 2009-ன்படி 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு செய்யலாம்.

பேசியபடி நடக்கவில்லை, பேசியும் தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், ஆன்லைனிலேயே மனு போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

எங்களுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. சித்தப்பாவை முன்வரிசை சோபாவில் உட்கார வைத்திருந்தோம். தாலி கட்டும்போது மேடையில் பட்டு வேட்டியோடு நின்றார், போட்டோவில் முகம் தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு பந்திக்கும் கோலை ஊன்றிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போய் வந்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. மதியம் கேட்டரர் பில் வந்தபோது நீல டைரியைப் பிரித்தார். ராத்திரிப் பந்தியில் அவர் கணக்குக்கும் பில்லுக்கும் 38 இலை வித்தியாசம். பிளானர் பெண் தன் தாளை எடுத்துப் பார்த்தாள், கையெழுத்துப் போட்ட வரியில் விரலை வைத்தாள், "தாத்தா சொல்றதுதான் சரி" என்றாள். கேட்டரர் ஒன்றும் பேசவில்லை, அடித்து எழுதிக் கொடுத்தார். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை யு.பி.ஐ.யில் அனுப்பினேன். பிளானருக்கான கடைசிப் பத்து சதவீதத்தை மறுவாரம் ஆல்பம் டிரைவ் கைக்கு வந்ததும் கொடுத்தேன்.